மெத்தனால் குடித்தால் கண் பறிபோவது ஏன்? ஒரே ஒரு கார்பன் செய்யும் வேலை!

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதுவில் இருக்கும் எத்தனாலும் ஆல்கஹால், மெத்தனாலும் ஆல்கஹால்தான். அப்புறம் ஏன் இது மட்டும் ஆளையே கொல்லுது?

என்ன வித்தியாசம்?

ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தும். சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாமே இப்படிக் கார்பன்கள் கைகோத்து உருவானவைதான். எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். நிறம், வாசனையை வைத்துக் குடிப்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான் இரண்டையும் மாற்றத் தொடங்குகிறது. எத்தனால் கடைசியில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமாகும். உடல் அதை எரிசக்தியாக்கிக்கொள்ளும். மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகும். ஆக்சிஜன் இருந்தும் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் இந்த அமிலம் தடுக்கும். முதலில் அடிவாங்குவது பார்வை நரம்பு.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் "ஒண்ணும் ஆகல, போதைதான்" என்று பலர் படுத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான்.

என்ன செய்ய வேண்டும்?

பார்வை மங்கல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபோமெபிசோல் மருந்து அந்த நொதியைத் தடுக்கும். டயாலிசிஸ் விஷத்தை வெளியேற்றும். அமிலம் சேர்வதற்கு முன்பே சிகிச்சை தொடங்கினால் கண்ணையும் காப்பாற்றலாம், உயிரையும் காப்பாற்றலாம்.