பழைய கடல் ரீல்: வாங்கும் முன், பிரிக்கும் முன்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1932-இல் தொடங்கிய பென் நிறுவனம் 1936-இல் செனட்டர் வரிசைத் தூண்டில் ரீல்களை வெளியிட்டது. அந்த வரிசையின் பழைய ரீல்களை முறையாகச் சீர்செய்தால் இன்றும் பெரிய மீனைத் தாங்கும். ஆனால் வெளியே பளபளக்கும் ரீலுக்குள் உப்பு என்ன செய்திருக்கிறது என்று பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோனால் கைவிரலே போகலாம்.

உப்பு செய்யும் வேலை

கடல்நீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்குகிறது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சி மறுபடி உப்புநீராகிவிடும். நம் கடலோரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். அதனால் அலமாரியில் சும்மா கிடக்கும் ரீலும் அரிக்கிறது. அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு இருந்தால், உப்புநீர் பட்டதும் அலுமினியம் கரையத் தொடங்கும். அதில் உண்டாகும் வெள்ளைப் பொடி திருகை இறுக்கிப் பூட்டிவிடும். குரோம் பூசிய பித்தளையில் பச்சை பூக்கும்.

இரண்டு இடங்கள் ஆபத்தானவை. கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் சிறு பல்லும் அதன் ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்தால், பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி எதிர்த்திசையில் பாய்ந்து விரலை முறிக்கும். மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் இறுகிக் கிடந்தால், தங்கூசி எனும் அந்த நூல் அறுந்துபோகும். பாறையில் நிற்பவர் நிலைதடுமாறி விழவும் வாய்ப்பு உண்டு.

பிரிக்கும்போது

- ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். ஸ்பிரிங் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்து, பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துப் பிரியுங்கள்.
- மிகப் பழைய டிராக் வாஷர்களில் கல்நார் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். நனைத்து எடுத்து, கவரில் இறுக்கிக் கட்டி ஒதுக்கிவிட்டு, கார்பன் ஃபைபர் வாஷர் போடுங்கள். பேக்லைட் பக்கத்தகடுகளையும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது.
- பழைய கிரீஸை எடுக்கப் பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், தீயும் பீடியும் இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.
- பித்தளையின் பச்சையை வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து எடுக்கலாம். உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். அலுமினியத்துக்கு இது ஆகாது. வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.
- இறுகிய திருகை முறுக்கி உடைக்காதீர்கள். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். திரும்பப் போடும்போது மறையில் கிரீஸ் தடவுங்கள்.
- தடுப்புப் பல்லின் ஸ்பிரிங் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும்

கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போகும். துடைத்து நிழலில் உலர்த்தியபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் நசுங்கும்.

வாங்குபவரின் உரிமை

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய அல்லது மறுசீரமைத்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. பணம் வாங்கிப் பழுதுபார்ப்பது சேவை என்பதால், அதில் குறை இருந்தாலும் புகார் செய்யலாம். எனவே பில்லில் 'பழையது' என்பதையும் மாற்றிய பாகங்களையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்ய வாங்கிய மீனவரும் நுகர்வோரே. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. அங்கே பணம் கொடுக்கும் முன் சோதித்தே ஆக வேண்டும்: கைப்பிடியைப் பின்னோக்கி அழுத்துங்கள், டிராக் போட்டுத் தங்கூசியைக் கையால் இழுங்கள். கைப்பிடி பின்னால் நகர்ந்தாலோ, தங்கூசி விட்டு விட்டு வந்தாலோ, அந்த ரீல் பிரித்துப் பார்க்காமல் கடலுக்குப் போகக் கூடாது.