பீடத்தையும் பாருங்கள்

எழும்பூர் அருங்காட்சியகத்திலோ தஞ்சாவூர் கலைக்கூடத்திலோ சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பீடத்தில் துளைகளோ வளையங்களோ தெரியும். திருவிழாவில் சாமி அசையாதபடி கழி செருகிக் கயிறு கட்டுவதற்கானவை அவை. கருவறைக் கல் மூலவர் இடம்விட்டு நகர மாட்டார். வீதியுலா போக உற்சவர் வேண்டும். தோளில் ஏறி, தேரில் குலுங்கி, ஓயாத அபிஷேகத்தையும் தாங்க உலோகம்தான் ஏற்றது.

பஞ்சலோகம் என்றாலும் பெரும்பகுதி செம்புதான். இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் பழைய முறையில்தான் வார்க்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தை முதலில் முழுசாகச் செய்துவிடுவார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசுகிறார்கள். மாவு போன்ற அந்த மண் நகக்கீறலைக்கூட வாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் கூடும். பெரிய உருவம் என்றால் கம்பி கட்டுவார்கள். நிழலில் காய்ந்த இந்த மண் அச்சை, அதாவது கருவை, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். எடை மெழுகைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. கரு சூடாகவே இருக்க வேண்டும், ஊற்றும் தாரை அறக் கூடாது. தவறினால் விரல் நுனிக்குப் போய்ச் சேருமுன் உலோகம் உறைந்துவிடும். ஆறியதும் கருவை உடைத்தே உருவத்தை எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அச்சு அசலாக இன்னொன்று வராது.

நூற்றாண்டுகளாகப் பூசையிலேயே இருந்த திருமேனிகளில் மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும். மண்ணுக்குள் மறைந்துகிடந்தவை தப்பித்தன. 1011-ஐச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் அப்படிக் கிடைத்தவர். இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அவர் சாய்ந்து நின்ற காளை கிடைக்கவில்லை; சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. காளை இருந்திருந்தால் அந்தக் கையை இவ்வளவு பேர் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில், கைகளின் எண்ணிக்கையோடு கல்வெட்டில் பொறிக்கச் செய்தான் ராஜராஜன். எல்லாக் கோயிலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயிலில் இருந்தபோது எடுத்த படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. அந்தப் படத்தையும் கலைக்கூடத்து நடராஜரையும் ஒப்பிட்டதில் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.