நீலப் புரதமும் ஒரு நொதியும்

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரெட்டன்னா குழுவும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஸ்பைருலினா பாசிக்கு நீல நிறம் தரும் சி-ஃபைகோசயனின் என்ற புரதம், காக்ஸ்-2 என்ற நொதியைத் தேர்ந்து தடுக்கிறது என்றது அது. அப்படியானால் மூட்டுவலிக்கு ஸ்பைருலினா மாத்திரை போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குமுன் அந்த நொதி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பாலானது. அடிபட்டால் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி அதிலிருந்து 20 கார்பன் கொண்ட அரக்கிடோனிக் அமிலத்தைக் கத்தரித்தெடுக்கும்; காக்ஸ் அதை மடக்கி, வலியும் வீக்கமும் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின்களுக்கு வழிசெய்யும். இந்தக் கொழுப்புத் தூதுகளைச் செல் சேமித்து வைப்பதில்லை, வேண்டும்போது சுடச்சுடச் செய்துகொள்கிறது. அவற்றில் ஒன்றான, ரத்தத் தட்டணுக்கள் விடும் திராம்பாக்சேன் ஏ2வில் பாதி அரை நிமிடத்தில் சிதைந்துவிடும். ஆகவே கடிவாளம் நொதியிடம்தான். ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டியதற்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் நொதியை அடைத்தால் வலியோடு வேறென்ன நிற்கும் என்பதுதான் கேள்வி. காக்ஸில் இரு வகை: காக்ஸ்-1 இரைப்பைச் சுவரைக் காக்கிறது; அழற்சியில் பெருகுவது காக்ஸ்-2. பின்னதை மட்டும் அடைத்தால் வயிறு தப்பும் என்ற கணக்கில் வந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2004இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ரத்தக்குழாய்ச் சுவரில் உறைவைத் தடுக்கும் புராஸ்டாசைக்ளின் பெரிதும் காக்ஸ்-2 வழியே வருகிறது. அது குறைந்தபோதும் தட்டணுக்கள் காக்ஸ்-1 கொண்டு, ரத்தத்தை உறையவைக்கும் திராம்பாக்சேனை வழக்கம்போல் செய்துகொண்டிருந்தன. இதய நோயாளிக்கு மருத்துவர் தரும் சிறு அளவு ஆஸ்பிரின் உதவுகிறதே என்றால், உதவத்தான் செய்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய நொதிக்குப் பதில் புதிதாகச் செய்ய முடியாமல் தன் ஆயுள் முழுக்க, எட்டுப் பத்து நாள், அது ஊமையாகிவிடும். குழாய்ச் சுவரின் செல்லோ மீண்டும் செய்துகொள்ளும். ஒரே அமிலம், எதிரெதிர்த் தூதுகள். எந்த இடத்து நொதி எவ்வளவு நேரம் முடங்குகிறது என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன.

இயற்கையானது, ஆபத்தில்லை என்ற வாதமும் இங்கே எடுபடாது. காக்ஸ்-2ஐத் தடுப்பது பாசியா ஆலை மருந்தா என்று நொதி பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, ஃபைகோசயனின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைச் செரிப்பதுபோல் வயிறு அதையும் செரிக்கத் தொடங்கிவிடும். சோதனைக்குழாயில் நொதியைப் பிடித்த மூலக்கூறு அதே உருவில் முழங்கால் வரை போய்ச் சேருமா என்பது தனி ஆய்வு.