முன்முடியும் பின்முடியும்

கார்த்திகை பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் விடியற்காலையிலேயே சரண கோஷம் கேட்கும். சபரிமலை விரதம் முடியும் தறுவாயில் இருமுடி கட்டும் நாள் வரும். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும். பின்முடியில் அரிசியும் வழிக்கு வேண்டிய பண்டங்களும். கட்டி முடித்ததும் குருசாமி இரண்டு முடிகளுக்கும் நடுவே கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். "முன்னாடி இழுக்குது சாமி, பின்முடியில இன்னும் ரெண்டு கை அரிசி போடுங்க" என்பார். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தொங்கினால்தான் அது முதல் முறை மலைக்குப் போகும் கன்னிசாமியின் தலைக்கு ஏறும்.

அந்த இரண்டு கை அரிசியில் சுமை தூக்குவதன் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மலையேற்றக்காரர்கள் சிலர் முதுகில் பெரிய பையும் நெஞ்சில் சிறிய பையுமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வதும் குருசாமி செய்ததைத்தான்.

கொத்தனாரின் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்கு உள்ளே இருக்கும். இதுதான் ஈர்ப்பு மையம். அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கினால் அது பாதங்களின் பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் ஆள் சாய்ந்துவிடுவார்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ பையை முதுகில் மாட்டுகிறார். பையின் மையம் அவருடைய உடல் மையத்துக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 25-ஆல் பெருக்கி, மொத்த எடையான 75-ஆல் வகுத்தால் 5 வரும். அதாவது ஈர்ப்பு மையம் 5 செ.மீ. பின்னுக்குப் போய்விட்டது. அதை மீண்டும் பாதத்துக்கு மேலே கொண்டுவர உடம்பு முன்னால் குனிகிறது, கழுத்து நீள்கிறது. முதுகுத் தசைகள் நடை முடியும் வரை ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கின்றன. சாயங்காலம் வரும் இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

இப்போது அதே 15 கிலோவில் 5 கிலோவை மட்டும் நெஞ்சுப் பக்கம், 20 செ.மீ. முன்னால் மாற்றுவோம். கணக்குப் போட்டால் மையம் 2 செ.மீ. மட்டுமே பின்னால் போகிறது. மொத்தப் பாரத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனாலும் உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்தே நடக்கும்.

இதை அளந்து காட்டியவர்கள் இந்திய ஆய்வாளர்கள்தான். எஸ்.ஆர்.தத்தா, என்.எல்.ராமநாதன் இருவரும் 30 கிலோ சுமையைச் சமதளத்தில் ஏழு விதமாகச் சுமக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலை ஒப்பிட்டார்கள். 'எர்கனாமிக்ஸ்' ஆய்விதழில் 1971-இல் அது வெளியானது. முன்னும் பின்னுமாகப் பகிர்ந்து சுமப்பதற்குத்தான் மிகக் குறைந்த ஆற்றல் செலவானது. அதை 100 என்று வைத்தால் தலைச்சுமைக்கு 103, முதுகுப் பைக்கு 109, நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிடும் ஷெர்பா முறைக்கு 114, முதுகில் போட்டுக் கையால் பிடித்துக்கொள்ளும் அரிசி மூட்டைக்கு 117, காவடித் தண்டுக்கு 129, இரு கைகளிலும் தூக்குவதற்கு 144.

காவடியும் சமநிலை உள்ளதுதானே, அதற்கு ஏன் இத்தனை செலவு? சுமை உடம்பை விட்டுத் தள்ளித் தொங்குகிறது. ஒவ்வொரு எட்டுக்கும் அது ஆட, அந்த ஆட்டத்தைத் தோளும் கையும் அடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சமமாக இருந்தால் மட்டும் போதாது, சுமை உடம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும். தலைச்சுமை முதுகுப் பையை முந்துவதும் இதனால்தான். சும்மாட்டின் மேல் வைத்த கூடையின் பாரம் நேராக முதுகெலும்பின் வழியே காலுக்கு இறங்கிவிடுகிறது. கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவில்லாமல் சுமக்கிறார்கள் என்று 1986-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது சிறு வயதிலிருந்து பழகிய கழுத்துக்கும் நடைக்கும் வாய்ப்பது. பழகாதவர்கள் முயன்றால் கழுத்துதான் வலிக்கும்.

தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்ட பிறகு, முதல் முறையாகப் பை மாட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நெஞ்சுப் பை வாங்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்னால் வேண்டாம். தண்ணீர், தின்பண்டம், மழைக்கோட்டு, செல்போன் என்று அடிக்கடி எடுப்பவை அதில் இருந்தால் பெரிய பையை இறக்கும் வேலை மிச்சம். பை பருமனாக இருந்தால் இறக்கத்தில் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. மலையில் விழுவதற்கு அதுவே போதும். நெஞ்சை இறுக்கிக் கட்டினால் மூச்சு முழுதாக விரியாது. முன்னும் பின்னும் மூடிவிட்டால் வியர்வை உலர வழியில்லாமல் உடல் சூடேறும். நம் ஊர் வெயிலில் இது சாதாரண விஷயமல்ல. இடுப்புப் பட்டை உள்ள முதுகுப் பையாக எடுத்து, தோளின் பாரத்தில் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு இறக்குங்கள். கனமான பொருள்களை முதுகை ஒட்டி வையுங்கள். மலையடிவாரத்தில் ஒருமுறை மாட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்து மாற்றி அடுக்குங்கள்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் முதுகுப் பை உண்டு. நெல்லுக்கு மருந்தடிக்கும் டேங்க் அது. 16 லிட்டர் நிரப்பி, டேங்கின் எடையையும் சேர்த்தால் 20 கிலோவைத் தொடும். ஒரு கை பம்பை அடிக்க, மறு கை குழலைப் பிடிக்க, முழங்கால் வரை சேற்றில் புதைய, அந்த மனிதர் குனிந்துதான் நடக்கிறார். நடக்க நடக்க உள்ளே தண்ணீர் அலம்பி அவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. விஷத்தைப் பிரித்து நெஞ்சில் கட்டிக்கொள்ள முடியாது. அவருக்குள்ள ஒரே வழி, குறைவாக நிரப்பிக்கொள்வது. ஆனால் பல ஊர்களில் கூலி டேங்க் கணக்கில்தான் பேசப்படுகிறது. முழுதாக நிரப்பாத டேங்குக்கு முழுக் கூலி யார் கொடுப்பார்கள்?

நம் கிராமத்துச் சாலைகளில் முன்பு சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள். இன்னொருவர் கைகொடுக்காமலே தலைச்சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில் அது நிற்கும். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அதை நடுவது வழக்கம். சுமப்பவரின் கழுத்தையும் இடுப்பையும் ஊரே சேர்ந்து நினைத்த காலம் அது. மருந்தடிப்பவருக்குக் கூலியை ஏக்கர் கணக்கில் பேசிப் பாருங்கள். அவர் 16 லிட்டருக்குப் பதில் 10 லிட்டர் நிரப்பிக்கொண்டு, வரப்புக்கு இரண்டு நடை கூடுதலாகப் போய் வருவார். அன்று இரவு முதுகு வலியில்லாமல் தூங்குவார்.