ஏ.சி. கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவது பழுதல்ல

இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் கரையோரத்தில் கார் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், ஏ.சி. போட்டதும் 'டக்' என்ற சத்தம் கேட்டால் கம்ப்ரசர் கெட்டுவிட்டதென அஞ்சுகின்றனர். இது வீண் அச்சம்.

கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் இயக்குகிறது. கப்பியிலுள்ள காந்தக் கிளட்ச் பிடித்தால் கம்ப்ரசர் ஓடும். விட்டால் கப்பி மட்டும் சுழலும். உள்ளேயுள்ள குளிர்ச்சுருள் உறைநிலையை நெருங்கும்போது கிளட்ச் விடும். இல்லையேல் காற்றின் ஈரம் சுருளில் பனிக்கட்டியாகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். சுருள் சற்றுச் சூடேறியதும் கிளட்ச் மீண்டும் பிடிக்கும். அப்போது எஞ்சின் சிறிது திணறுவது இயல்பே. சில புதிய வண்டிகளில் கம்ப்ரசர் நில்லாமல் ஓடும், அதுவும் இயல்பே. வண்டியடியில் சொட்டும் தெளிந்த நீர் காற்றின் ஈரமே. கடற்காற்றில் ஈரம் மிகுதியாதலால் இங்கு அதிகம் சொட்டும்.

கிளட்ச் சில விநாடிக்கொரு முறை பிடித்து விட்டு, காற்றும் குளிராவிட்டால், வாயு குறைந்திருக்கலாம். வாயுவோடு சேர்ந்தே எண்ணெயும் சுற்றுகிறது. எனவே அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரசர் தேய்ந்து இறுகிவிடும். கசிவை அடைத்த பின்னரே வாயு ஏற்ற வேண்டும். வாயுக் குழாயைத் தாமே கழற்றக் கூடாது. வாயு கண்ணிலோ கையிலோ பட்டால் உறைபுண் உண்டாகும்.

ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். எஞ்சின் ஆறியபின், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். மழைக்காலத்திலும் வாரம் 10 நிமிடம் ஏ.சி.யை ஓட்டினால் சீல் உலராது.

புதிய கம்ப்ரசருக்குப் பணம் கொடுக்குமுன், அழுத்தமானி வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.