நான்காவது மனிதன் யார்?

துப்பறியும் கதை கேட்க உட்காரும் ஒவ்வொருவனும் கதாசிரியரோடு எழுதாத ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்கிறான். “என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏமாற்றும், எந்தச் சந்து பொந்துகளில் வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும், முடிவில் மட்டும் குற்றவாளியை என் முன் கொணர்ந்து நிறுத்திவிடும்” என்பதே அதன் ஷரத்து. இந்த ஒப்பந்தத்தை ஓர் ஆசிரியர் நிறைவேற்றினாரா, மீறினாரா என்பது பற்றிப் பிரிட்டிஷ் ஜனங்கள் 2021ஆம் வருஷம் மே மாதத்தில் இரு கக்ஷிகளாகப் பிரிந்து வாதாடினார்கள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பொழுதுபோக்கைப் பற்றிய சண்டையே. ஆயினும் அதன் அடியில் கிடந்த பிரச்னை, அதிகார பீடங்களில் ஊழல் ஒழிய வேண்டுமென்று விரும்பும் எந்தத் தேசத்தாரும் ஊன்றி ஆலோசிக்கத் தக்கதாகும்.

சண்டைக்குக் காரணமான தொலைக்காட்சி நாடகத்தின் பெயர் ‘லைன் ஆப் டியூட்டி’. முன்னர் வைத்தியத் தொழில் செய்து பின்னர் நாடகாசிரியரான மிஸ்டர் ஜெட் மெர்குரியோ இதை எழுதினார். 2012ஆம் வருஷத்தில் பி.பி.ஸி.யின் இரண்டாம் அலைவரிசையில் ஆரம்பித்த இந்நாடகம், ஜனங்களின் ஆதரவு பெருகவே, 2017இல் முதல் அலைவரிசைக்கு ஏற்றப்பட்டது. கதை, பெயர் சொல்லப்படாத ஒரு நகரில் நடக்கிறது. இதில் வரும் கதாநாயகர்கள் திருடரைப் பிடிக்கும் போலீஸாரல்லர். திருடரோடு கைகோத்த போலீஸாரைப் பிடிக்கும் போலீஸார். ‘ஏ.ஸி. 12’ என்பது அவர்களுடைய பகுதியின் பெயர். ஹேஸ்டிங்ஸ் என்னும் சூப்பரிண்டெண்டெண்டும், ஆர்னட், பிளெமிங் என்னும் இரு உத்தியோகஸ்தர்களும் அதன் உயிர்நாடி. வேலியே பயிரை மேயும்போது அந்த வேலியைக் காவல் காப்பது யார் என்ற கேள்வியே நாடகத்தின் மூலாதாரம்.

முதல் தொகுதியின் துவக்கமே இக்கேள்வியை அழுத்தமாக எழுப்புகிறது. பயங்கரவாதியைப் பிடிக்கச் சென்ற போலீஸ் கோஷ்டி வேறொரு வீட்டுக்குள் புகுந்து குற்றமற்ற ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. பொய்க் கதை ஒன்றைச் சேர்ந்து சொல்லும்படி மேலதிகாரி கட்டளையிடுகிறார். ஆர்னட் மறுக்கிறான், அதனாலேயே தோழர்களின் வெறுப்புக்கு ஆளாகி ஏ.ஸி. 12க்கு வந்து சேர்கிறான். 2005ஆம் வருஷம் ஜூலை 22ஆம் தேதி லண்டன் ஸ்டாக்வெல் ரெயில் நிலையத்தில், பயங்கரவாதியென்று தவறாக எண்ணிப் போலீஸார் சுட்டுக் கொன்ற ஜான் சார்ல்ஸ் டி மெனெஸெஸ் என்னும் பிரேஸில் தேசத்து வாலிபனை நினையாமல் இக்காட்சியைப் பார்க்க இயலாது. ஆகவே, இந்நாடகம் கற்பனையேயாயினும் அதன் வேர் நிஜமான மண்ணில் ஊன்றியிருந்தது.

ஜனங்களைக் கட்டிப்போட்ட புதிர் 2016இல் ஒளிபரப்பான மூன்றாம் தொகுதியில் தோன்றிற்று. காட்டன் என்பவன் ஏ.ஸி. 12க்குள்ளேயே இருந்துகொண்டு கொலைக் கூட்டத்துக்கு ஊழியம் செய்த துரோகி. அவன் சாகும் தறுவாயில் அளித்த வாக்குமூலத்திலிருந்து, தனக்கு மேலே போலீஸ் இலாகாவிலேயே ஒரு பெரும் புள்ளி உண்டென்றும், அவனைக் குறிக்கும் எழுத்து ‘எச்’ என்றும் ஊகிக்கப்பட்டது. அந்தக் கணம் முதல் ஹேஸ்டிங்ஸ் உள்பட அவ்வெழுத்தில் பெயர் தொடங்கும் ஒவ்வொருவர்மீதும் ஜனங்களுக்குச் சந்தேகம் விழுந்தது. 2019இல் ஆசிரியர் கதையை வேறொரு பக்கம் திருப்பினார். சாகும்போது காட்டன் தன் கையால் நான்கு முறை தட்டினானல்லவா? தந்திக் குறியீட்டில் ‘எச்’ என்பது நான்கு புள்ளி. ஆகவே அவன் உணர்த்தியது ஒரு பெயரன்று. துரோகிகள் நால்வர் உளர் என்பதேயாம். மூவர் அடையாளம் தெரிந்துவிட்டது. எஞ்சிய நான்காவது மனிதன் யார்?

2021 மார்ச்சு 21 முதல் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பிரிட்டனில் இதே பேச்சு. குடும்பங்களில் தந்தை ஒருவரைச் சந்தேகித்தார். மகன் மற்றொருவரைச் சந்தேகித்தான். கண்ணியமே உருவான ஹேஸ்டிங்ஸ்தான் குற்றவாளி என்று சாதித்தவர்கள் பலர். பிரதம போலீஸ் அதிகாரியான ஆஸ்போர்னே என்று ஆணையிட்டவர்கள் பலர். மே 2ஆம் தேதி இரவு இறுதிப் பகுதியைக் கண்டவர்கள், அன்றிரவுக் கணக்குப்படியே, 1 கோடியே 28 லக்ஷம் பேர். அச்சமயம் அத்தேசத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோரில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஒன்றையே பார்த்தார்கள்.

கண்ணாடிச் சுவரிட்ட விசாரணை அறைக்குள் நான்காவது மனிதனைக் கொணர்ந்து உட்கார்த்தினார்கள். இயன் பக்கெல்ஸ்! முதல் தொகுதியிலேயே தோன்றியவன், சோம்பேறி, வேலை தெரியாதவன், மேலதிகாரிகளுக்கு இதமாக நடந்து ஒவ்வொரு படியாக மேலேறியவன். அவனைக் காட்டிக்கொடுத்தது ஓர் ஆங்கிலச் சொல்லை எப்பொழுதும் எழுத்துப் பிழையோடு எழுதும் அவனது வழக்கம். சதியின் சூத்திரதாரியாக அவன் என்றும் இருந்ததில்லை. கூட்டத்தாரின் உத்தரவுகளைக் கை மாற்றி விட்டுக் கூலி வாங்கிக்கொண்டான், அவ்வளவே. போதாக்குறைக்கு, அவனைப் பற்றிய சாக்ஷியம் பகிரங்க நீதிமன்றத்துக்கு வாராதபடி மேலிடம் தடுத்துவிட்டதாகவும், ஏ.ஸி. 12இன் அதிகாரம் முன்னெப்போதுமில்லாதவாறு குறைக்கப்பட்டதாகவும் அறிவித்து நாடகம் முடிந்தது.

மறுநாள் ஜனங்களின் கோபம் கரை புரண்டது. அவர்கள் சொன்ன அபிப்பிராயங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். “இந்த அற்பனுக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்? மலையைத் தோண்டி எலியையா பிடித்தோம்?” என்றார்கள் முதல் வகையினர், அவர்களே பெரும் இரைச்சல் செய்தவர்கள். “உலகத்தில் ஊழல் இப்படித்தான் இருக்கிறது, ஆசிரியர் உண்மையைச் சொல்லத் துணிந்தார்” என்றார்கள் இரண்டாம் வகையினர். மூன்றாம் வகையினர் நடுநின்று, “ஆசிரியர் கண்ட உண்மை சரி, ஆயினும் மாபெரும் சூத்திரதாரி ஒருவன் உண்டென்று ஐந்து வருஷம் ஆசை காட்டியவரும் அவர்தாமே? ஆசையை மூட்டிவிட்டு, ஆசைப்பட்டது உங்கள் பிழை என்று பிரசங்கம் செய்வது நியாயமா?” என்று கேட்டார்கள். ஊழலின் நிஜ ஸ்வரூபத்தைக் காட்ட முயன்றால் அது எல்லோருக்கும் ருசிக்காது என்பதை அறிந்தே முடிவை எழுதியதாக மிஸ்டர் மெர்குரியோ சமாதானம் கூறினார்.

கலையைப் பொறுத்த மட்டில் மூன்றாம் வகையினரின் வாதமே பலமானது என்பது நமது அபிப்பிராயம். துப்பறியும் நாடகத்தில் போடும் முடிச்சு எவ்வளவு பெரிதோ, அவிழ்க்கும் கையும் அவ்வளவு திறமையுடையதாக இருத்தல் வேண்டும். பக்கெல்ஸ் போன்றவனின் சிறுமையே கதையின் பெருமையாக விளங்க வேண்டுமானால், அவனை உயர்த்திவிட்ட கைகளையும் அதே கண்ணாடி அறையில் உட்கார்த்திக் காட்டியிருக்க வேண்டும். ஆசிரியர் அவற்றைத் தூரத்தில் சுட்டிக்காட்டியதோடு நின்றுவிட்டார். ஜனங்களின் ஏமாற்றத்தில் இந்த அளவுக்கு நியாயமுண்டு.

ஆனால் முதல் வகையினரின் கோபம் கலையைப் பற்றியது மட்டுமன்று. ராக்ஷஸன் ஒருவன் வேண்டுமென்ற தாகம் அதில் இருக்கிறது. ராக்ஷஸன் அகப்பட்டால் நமக்கு எவ்வளவு ஆறுதல்! அவன் தலையை வெட்டினால் இலாகா சுத்தமாகிவிடும். மற்ற உத்தியோகஸ்தரெல்லாம் உத்தமர்களாகிவிடுவர். நாமும் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். குற்றவாளி ஓர் அற்பன் என்றால் அந்த நிம்மதி இல்லை. இந்த அற்பனுக்கு உத்தியோக உயர்வு கொடுத்தது யார், அவன் தவறுகளைக் கண்டும் காணாததுபோல் இருந்தது யார், கண்டவர்கள் வாய் திறவாமல் இருந்தது ஏன் என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. இவற்றுக்குப் பதில் தேடுவது கஷ்டமான காரியம். ஆகவே அற்பனைக் காட்டிய ஆசிரியர்மீது கோபம் பாய்ந்தது.

நாடகம் முடிந்த 44ஆம் நாள், அதாவது ஜூன் 15ஆம் தேதி, கற்பனையே இல்லாத ஓர் அறிக்கை லண்டனில் வெளியாயிற்று. டானியேல் மார்கன் என்பவர் தனியார் துப்பறியும் தொழில் செய்தவர். 1987 மார்ச்சு 10ஆம் தேதி இரவு, தென்கிழக்கு லண்டனைச் சேர்ந்த ஸிடன்ஹாமில் ஒரு மதுக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு வயது 37. பல முறை விசாரணை நடந்தும் ஒருவர்கூடக் கொலைக்காகத் தண்டனை அடையவில்லை. குடும்பத்தார் கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாமல் போராடியதன் பேரில், 2013இல் அப்பொழுதைய உள்நாட்டு மந்திரி ஸ்ரீமதி தெரஸா மே சுதந்திரமான குழு ஒன்றை நியமித்தார். சீமாட்டி நுவாலா ஓலோன் தலைமையில் அக்குழு எட்டு வருஷம் உழைத்து, 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை அளித்தது.

அந்த அறிக்கை சூத்திரதாரி ஒருவனைக் கண்டுபிடித்ததா? இல்லை. ஒரு ஸ்தாபனம் தன் பெயர் கெடலாகாது என்பதற்காகத் தன் தவறுகளை மறைப்பதும் மறுப்பதுமே ஒருவகை ஊழல் என்றும், லண்டன் மாநகரப் போலீஸ் இலாகா அந்த ஊழலைச் செய்தது என்றும் குழு தீர்ப்புக் கூறிற்று. இதில் கைநீட்டி லஞ்சம் வாங்கியவனைவிட, இலாகாவின் மானத்தைக் காப்பதாக எண்ணிக் காகிதத்தை மறைத்தவனே முக்கியமான பாத்திரம். போலீஸ் கமிஷனராயிருந்த ஸ்ரீமதி கிரெஸிடா டிக் இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தார். 2022 மார்ச்சில் போலீஸ் பரிசோதனை ஸ்தாபனமும், திட்டமிட்டு ஊழல் செய்ததற்கு அத்தாட்சி இல்லையென்று சொல்லி, ஆயினும் இலாகாவின் குறைகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2023 ஜூலையில் இலாகாவினர் மார்கன் குடும்பத்தாரோடு சமரசம் செய்துகொண்டார்கள். கமிஷனர் மிஸ்டர் மார்க் ரௌலி மன்னிப்புக் கோரினார். கொலை நடந்து 36 வருஷங்கள் சென்றிருந்தன.

மே மாதத்து நாடகத்தையும் ஜூன் மாதத்து அறிக்கையையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சாமானிய முடிவென்று ஜனங்கள் வெறுத்ததுதான் அதிக பயங்கரமானது என்பது விளங்கும். ராக்ஷஸனுக்கு ஆயுள் உண்டு. கோப்புகளைப் புதைக்கும் வழக்கத்துக்கு ஆயுள் முடிவே இல்லை. ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அந்த நாற்காலியோடு வழக்கத்தையும் பெற்றுக்கொள்கிறார்.

இங்கே ஓர் ஆக்ஷேபணை எழலாம். “ஊழல் ஸ்தாபனத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், தனி மனிதர்கள் தப்பிவிடுவார்களே! எல்லோரும் குற்றவாளிகள் என்பதும் ஒருவரும் குற்றவாளியில்லை என்பதும் ஒன்றுதானே?” என்று கேட்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க ஆக்ஷேபணையன்று. ‘ஸ்தாபனத்தின் குறை’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்து அதன் பின்னே ஒளியும் சாமர்த்தியசாலிகள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. ஆனால், ஸ்தாபனம் என்பது கல்லும் சுண்ணாம்புமன்று. அது கையெழுத்துக்களால் ஆனது. தகுதியற்றவனுக்குப் பதவி தரும் உத்தரவில் ஒருவர் கையெழுத்து இருக்கிறது. விசாரணையை முடித்துவிட்டதாக எழுதிய குறிப்பில் மற்றொருவர் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் உரியவரை அழைத்து, “நீர் ஏன் இதைச் செய்தீர்?” என்று பகிரங்கமாகக் கேட்பதே ஸ்தாபனத்தை விசாரிக்கும் முறை. இதற்கு, தலைவன் ஒருவனை வேட்டையாடுவதைவிட அதிகப் பொறுமை வேண்டும். மார்கன் குடும்பத்தார் காட்டியது அந்தப் பொறுமைதான்.

பொது வாழ்வில் ஈடுபட்டோர் இந்த நாடகத்தின் கதையிலிருந்து கற்க வேண்டியதைக் காட்டிலும், அதைக் கண்டவர்களின் கோபத்திலிருந்து கற்க வேண்டியது அதிகம். ஜனங்களுக்கு ராக்ஷஸனைக் காட்டுவது சுலபம். கூட்டம் சேரும், கரகோஷம் கிடைக்கும். ராக்ஷஸன் வீழ்ந்த மறுநாள் பழைய கோப்பு பழைய அலமாரியிலேயே இருக்கும். கரகோஷம் கிடைக்காவிட்டாலும் அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லி, பதில் வருமளவும் கேட்டுக்கொண்டே இருப்பவர்களால்தான் ஊழல் குறையும். நான்காவது மனிதன் யார் என்று கோடிப்பேர் ஆவலோடு கேட்டார்கள். அவனுக்குப் பதவி கொடுத்தவர் யார் என்று அதே ஆவலோடு கேட்கப் பழகிய ஜனங்களை ஏமாற்றுவது எந்த அதிகாரிக்கும் எளிதாயிராது.