தாத்தாவின் ரத்தத்தில் மூன்று தடயங்கள்

தாத்தாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. மூன்று நாளாக அவர் ஜாங்கிரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் நடை வேறு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தார். அளவு நன்றாகவே வந்தது. ஆனால் டாக்டர் இன்னொரு தாளைப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த மூன்று மாதமாக இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டதோ?” என்றார். தாத்தா பாட்டியைப் பார்த்தார். பாட்டி எதுவும் சொல்லவில்லை. சொன்னது அவருடைய ரத்தம்!

எப்படி என்று பார்ப்போமா, குழந்தைகளே?

தோசை பொன்னிறமாக முறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்தான் அந்த நிறமும் மணமும் தொடங்குகின்றன. அதன் முதல் படி நம் உடம்புக்குள்ளும் மிக மெதுவாக நடக்கிறது. ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. நன்றாக ஒட்டிவிட்டால், அந்தச் சிவப்பணு அழியும்வரை விலகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் இரண்டு மூன்று மாதக் கதை அதில் பதிந்துவிடுகிறது. இதுதான் முதல் தடயம். பெயர் எச்பிஏ1சி. நூறு பங்கு ஹீமோகுளோபினில் 5.7 பங்குக்குக் கீழே இப்படி ஒட்டியிருந்தால் கவலையில்லை. 6.5 பங்கோ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய்.

இதற்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவைக் கண்டவர் ஈரான் நாட்டு விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர். தெஹ்ரானில் அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொன்றை: பிறவியிலேயே மாறுபட்ட ஹீமோகுளோபின்களை. பலருடைய ரத்தத்தை மின்சாரத்தின் உதவியால் பிரித்துப் பார்த்தபோது, சிலரிடம் மட்டும் வழக்கமில்லாத ஒரு பட்டை தெரிந்தது. யார் அவர்கள் என்று விசாரித்தார். சர்க்கரை நோயாளிகள்! 1968இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இரண்டாவது தடயத்துக்குக் கொல்லைப்புறம் போவோம். கல்யாண வீட்டில் எத்தனை தேங்காய் உடைத்தார்கள் என்று தெரியவேண்டுமா? கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சிகளை எண்ணினால் போதும். நம் கணையம் இன்சுலின் செய்வதும் அப்படித்தான். முதலில் நீளமான ஒரு புரதத்தைச் செய்து, அதிலிருந்து இன்சுலினை வெட்டி எடுக்கிறது. மிஞ்சும் துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். இன்சுலின் சீக்கிரம் கரைந்துபோகும், இந்தத் துண்டு கொஞ்ச நேரம் தங்கும். அதை அளந்தால் கணையம் எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமானவரிடம் உரக்கப் பேசுவதுபோல, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. இங்கேதான் ஒரு சிக்கல். சர்க்கரையைச் செல்களுக்குள்ளே அனுப்புவது மட்டுமல்ல, ‘வளர், பெருகு’ என்று செல்களுக்குச் சொல்வதும் இன்சுலினின் வேலை. செல் பெருகும்போதெல்லாம் தன் மரபுக் குறிப்பை நகல் எடுக்கிறது. அதிகம் எழுதினால் எழுத்துப்பிழையும் அதிகமாகுமே! கட்டுப்பாடின்றிப் பெருகச் சொல்லும் பிழைகள் ஒரு செல்லில் சேர்ந்துவிட்டால், அதுவே புற்றுநோய்க்குத் தொடக்கம்.

மூன்றாவது தடயம் சிஆர்பி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் செய்து அனுப்பும் புரதம் இது. 1930இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு அழற்சி உமித்தீயைப்போல வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சூட்டிலும் செல்களின் மரபுக் குறிப்பு கெடக்கூடும்.

இதையெல்லாம் விஞ்ஞானிகள் எப்படிச் சோதிக்கிறார்கள்? ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் வாங்கி, சுழியத்துக்குக் கீழே 80 டிகிரிக் குளிரில் உறையவைக்கிறார்கள். பிறகு பல ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெரிந்தபின் பழைய ரத்தத்தை எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களில் அந்த வேறுபாடு குறைவு.

‘இரண்டு மடங்கு’ என்றதும் பயந்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு மடங்கானால் நூறில் இரண்டு பேர். மீதி 98 பேருக்கு அது வரவே இல்லை! தடயம் வேறு, தீர்ப்பு வேறு. இந்த மூன்று தடயங்களில் எதுவும் ‘இவருக்குப் புற்றுநோய்’ என்று சொல்லாது. ‘கொஞ்சம் கவனமாயிருங்கள்’ என்று மட்டுமே சொல்லும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். உங்கள் வகுப்பில் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தோழன் இருந்தால், பெரும்பாலும் அவனுக்கு இருப்பது முதலாம் வகை. அவன் கணையம் இன்சுலின் செய்வதில்லை. அது இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, தொற்றிக்கொள்வதும் அல்ல. அவனோடு சேர்ந்து விளையாடுங்கள்.

தாத்தா என்ன செய்யலாம்? தினமும் நடக்கலாம். எடையைக் குறைக்கலாம். பீடி, புகையிலையை அடியோடு விடலாம். டாக்டர் சொல்லும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளலாம். மூன்று நாள் மட்டும் அல்ல, எல்லா நாளும்!

நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் இன்னும் சர்க்கரை ஒட்டவில்லை. பழையவை போய்ப் புதியவை வர, தாத்தாவின் ரத்தம் நல்ல கதையும் சொல்லத் தொடங்கும். இன்று மாலை அவர் செருப்பை மாட்டும்போது, நீங்களும் கூடக் கிளம்புங்கள்.